சுருங்கும் சொற்கள்

ஆவடி மின்சார ரயிலில் நிற்க இடமில்லாவிட்டாலும் கைபேசியில் கட்டைவிரல் ஓய்வதில்லை. 'பிஆர்பி' என்றால் இதோ வந்துவிடுகிறேன். 'ஐடிகே' என்றால் எனக்குத் தெரியாது. 'டிசி' என்றால் பார்த்துப் போ.

இந்தச் சிக்கனம், ஒவ்வொரு செய்திக்கும் காசு கொடுத்த காலத்தில் வேரூன்றியது. ஓர் எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழில் எழுதினாலோ 70தான். அதிலும் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படும். 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து, கைபேசிக்கு ஏழு. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் சுருக்கம் கைபேசியோடு பிறந்ததல்ல. 1917இலேயே பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் தளபதி ஃபிஷர், சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் 'ஓஎம்ஜி' (அட கடவுளே) என்று எழுதி, அதற்கு விளக்கமும் தந்தார். நம் ஆவடித் தடத்திலும் ரயில்வேக்கு அம்பத்தூர் 'ஏபியு', ஆவடி 'ஏவிடி', அரக்கோணம் 'ஏஜேஜே'.

வீட்டுப் பெரியவர்களுக்குக் கவனம் தேவை. 'எல்ஓஎல்' என்பது வாய்விட்டுச் சிரிப்பது. அதை 'நிறைய அன்பு' என்று எண்ணி இரங்கல் செய்தியில் சேர்த்தால், துக்க வீட்டார் மனம் நோகும். அர்த்தம் புரியாத சுருக்கத்தைப் பேரப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு அனுப்புவதே நல்லது. பிள்ளைகளும் தாத்தாவுக்கு அனுப்பும்போது முழுச் சொல்லாகவே தட்டலாம்.