செடியில் நின்றுவிட்ட தக்காளிக் காய்கள்

கார்த்திகையில் நாற்று நட்ட தக்காளிச் செடிகள் பங்குனி முடியும் தறுவாயில் ஒரு தனி நிலையை அடைகின்றன. அடி இலைகள் மஞ்சளித்துக் காய்ந்துவிடுகின்றன. பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்கின்றன. ஆயினும் கிளைகளில் பத்தோ இருபதோ காய்கள் நல்ல பருமனுடன் பச்சையாகவே தொங்குகின்றன. என் வீட்டுக் கொல்லையில் ஆண்டுதோறும் நான் காணும் காட்சி இது. வீட்டுத் தோட்டம் போடும் மாணவர்களும் கண்டிருப்பீர்கள். வெயில் ஏற ஏறக் காய் விரைவில் பழுத்துவிடும் என்று எண்ணிச் செடியிலேயே விட்டுவைக்கிறோம். அங்கேதான் தக்காளியின் இயல்பு நம் எண்ணத்துக்கு மாறாக இருக்கிறது.

தக்காளி பழுக்கும்போது அதன் பச்சையம் சிதைந்து மறைகிறது. லைகோபீன் என்னும் சிவப்பு நிறப் பொருள் புதிதாக உண்டாகிறது. இந்த லைகோபீன் செவ்வனே உண்டாவதற்கு 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை உகந்தது. 30 டிகிரியைத் தாண்டினால் அது உண்டாவது தளர்ந்து போகிறது. மஞ்சள் நிறம் தரும் கரோட்டீனோ அவ்வளவு எளிதில் தடைப்படுவதில்லை. ஆகவேதான் சித்திரை மாதத்துத் தக்காளி செக்கச் சிவக்காமல் மஞ்சளும் செம்மஞ்சளுமாக நின்றுவிடுகிறது. நேர் வெயில் படும் காயின் வெப்பம் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைவிட மிகுதி என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இலைகள் உதிர்ந்து நிழல் இழந்த காய்களின் தோல் வெளுத்து வெந்துபோவதும் இதனால்தான். காய்க்கு வெளிச்சம் படட்டும் என்று சிலர் இலைகளைக் கிள்ளி எறிவார்கள். கோடையில் அது காய்க்குச் செய்யும் தீங்கே ஆகும். பழுப்பதற்கு வெளிச்சம் இன்றியமையாததன்று.

இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. அங்கே இலையுதிர் காலத்தின் உறைபனி செடியைக் கொல்வதற்குள் காய்களைப் பறித்துப் பெட்டிகளிலும் மேசை இழுப்பறைகளிலும் வைத்துப் பழுக்கவைப்பர். சிலர் செடியையே வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. அவர்கள் குளிருக்கு அஞ்சி வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். நாம் வெயிலுக்கு அஞ்சிக் கொண்டுவர வேண்டும்.

செடியை விட்டுப் பிரிந்த காய் எவ்வாறு பழுக்கிறது? எத்திலீன் என்னும் வாயுவே இதற்குக் காரணம். 1901-ஆம் ஆண்டில் ரஷ்யாவில் திமித்ரி நெல்யூபொவ் என்னும் அறிஞர், விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன் பட்டாணி நாற்றுகளின் வளர்ச்சியை மாற்றுவதைக் கண்டறிந்தார். அமெரிக்காவில் எலுமிச்சை வணிகர்கள் மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறைகளில் காய்களை வைத்து மஞ்சளாக்கி வந்தனர். அடுப்பின் சூடுதான் நிறத்தைத் தருகிறது என்பது அவர்கள் கருத்து. புகையிலுள்ள எத்திலீனே அவ்வேலையைச் செய்தது என்று 1924-இல் டென்னி என்பவர் விளக்கினார். 1934-இல் ரிச்சர்ட் கேன், பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளிவிடுகிறது என்று மெய்ப்பித்தார். வாழைத்தாரை அறையில் அடைத்துப் புகைமூட்டம் போடும் நம்மூர்க்காரர்களுக்கு இந்த வாயுவின் பெயர் தெரியாது. வேலை மட்டும் நன்றாகத் தெரியும்!

எல்லாக் கனிகளும் இவ்வாறு நடப்பதில்லை. தக்காளி, வாழை, மா, சப்போட்டா ஆகியவை பறித்த பின்னும் பழுக்கும். திராட்சையைப் பறித்துவிட்டால் புளித்தது புளித்ததுதான்.

தக்காளியிலும் முதிர்ந்த காய்தான் பழுக்கும். பிஞ்சைப் பறித்தால் சுருங்கி வாடிவிடும். முதிர்ச்சியை அறிவது எங்ஙனம்? காயின் அடர்பச்சை வெளிறி, நுனிப்பக்கம் வெண்மை தட்டியிருக்கும். ஐயமிருந்தால் ஒரு காயைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கூழ் போன்ற சதை திரண்டு, விதைகள் கத்திக்கு அகப்படாமல் வழுக்கிச் சென்றால் அது முதிர்ந்த காய். நுனியில் இலேசாகச் செம்மை படரும் நிலையில் பறித்தால் இன்னும் நன்று. அந்நிலையில் பறித்த காய்க்கும் செடியில் பழுத்த கனிக்கும் சுவையில் வேறுபாடு மிகக் குறைவு என்பது என் அனுபவம்.

பறித்த காய்களை ஈரமின்றித் துடைத்து, அடிபட்டவற்றை விலக்கி, காகிதப் பையில் ஒற்றை அடுக்காக இட்டு, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கலாம். உடன் ஒரு பழுத்த வாழைப்பழத்தை வைத்தால், அது விடும் எத்திலீன் காய்களையும் தூண்டிவிடும். பின்னர் அவை தாமே அவ்வாயுவை உண்டாக்கத் தொடங்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை வேண்டாம்; காயும் மூச்சு விடுகிறது, ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். நாள்தோறும் ஒருமுறை பார்த்து அழுகலை அகற்றுங்கள். குளிர்ப்பெட்டியிலும் காய்களை வைக்கலாகாது. 10 டிகிரிக்குக் கீழே சில நாட்கள் இருந்த பச்சைக்காய், வெளியே எடுத்த பின்னும் ஒழுங்காகப் பழுப்பதில்லை.

இங்கே கார்பைடு கல்லைப் பற்றியும் கூற வேண்டியிருக்கிறது. கால்சியம் கார்பைடு ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை விடும். அது எத்திலீனைப் போலவே காயைப் பழுக்கவைக்கும். ஆனால் தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுகளின் கலப்பு உண்டு. 2011-ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனால் பழுத்த கனிகளை விற்பதைத் தடை செய்கின்றன. ஒரு வாழைப்பழம் செய்யும் வேலைக்கு நஞ்சைத் தேடுவானேன்?

விடுமுறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே நாளில் பறித்த, ஒத்த பருவமுடைய ஒன்பது காய்களை எடுங்கள். மூன்றை மாடி வெயிலில் வையுங்கள். மூன்றைக் கூடத்தில் திறந்த தட்டில் வையுங்கள். மூன்றை வாழைப்பழத்துடன் காகிதப் பையில் இடுங்கள். ஒவ்வொரு நாளும் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். முதலில் சிவப்பது எது, மஞ்சளிலேயே நிற்பது எது என்பதை இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். செடியில் எஞ்சிய பிஞ்சுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பாசிப்பருப்புச் சேர்த்துக் கூட்டு வைத்தால் அவையும் வீணாவதில்லை.