ஒரே கணக்கில் இரு கைகள்

களஞ்சியத்தில் 100 மூடை நெல் இருப்பதாகக் கணனி காட்டுகிறது. இரு லிகிதர்கள் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கின்றனர். ஒருவர் 40 மூடை வழங்கி, மீதி 60 எனப் பதிகிறார். மற்றவர் 30 மூடை வழங்கி, மீதி 70 எனப் பதிகிறார். பிந்திய பதிவே நிலைக்கும். உண்மையில் இருப்பதோ 30 மூடைதான். இல்லாத 40 மூடையை நம்பி வரிசையில் நிற்பவர்கள் வெறுங்கையுடன் திரும்புவர்.

இதைத் தடுக்கவே பூட்டு வேண்டும். ஜேர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் 1992இல் ஆர்/3 என்ற மென்பொருளை வெளியிட்டது. தரவுத்தளத்துக்குச் சொந்தப் பூட்டு உண்டு; ஆனால் அடுத்த திரைக்குச் செல்லும்போதே அது விடுபட்டுவிடும். ஆகவே மென்பொருளே தனியாக ஒரு பூட்டுப் பட்டியலை வைத்திருக்கிறது. ஒருவர் திருத்தத் தொடங்கியதும் அவர் பெயர் அதில் ஏறும். அடுத்தவர் பார்க்கலாம், மாற்ற முடியாது. வேலை முடிந்து பதிவு சேமிக்கப்பட்டதும் பூட்டு நீங்கும். இடையில் எழுந்து போனவரின் பூட்டு மற்றவர்களை மறித்தால், பொறுப்பாளர் விசாரித்து அகற்றலாம்.

ஆயினும், பட்டியலைக் கேளாமலே எழுதும் நிரலை இப்பூட்டு தடுக்காது. எல்லா நிரல்களும் முதலில் கேட்பதிலேயே அதன் பலம் தங்கியுள்ளது.

எனவே, உங்கள் சங்கக் கணக்கு கணனிக்கு மாறும்போது தயங்காமல் கேளுங்கள்: "இருவர் ஒரே பதிவைத் திறந்தால் என்ன நடக்கும்?"