உங்களுக்குத் தெரியுமா? பரண் பெட்டியும் பழைய படங்களும்

கருப்பு வெள்ளைப் புகைப்படத்தில் தெரியும் உருவம், ஜெலட்டின் எனப்படும், விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் பசைப்பொருளின் மெல்லிய படலத்தில் பதிந்த நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் இப்படலம் உப்பிப் பூஞ்சைக்கு இரையாகும் என்பதால், கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் அதற்கப்பால் கடலும் அமைந்த நாவலூரில், பரண் பெட்டியில் கிடக்கும் கல்யாண ஆல்பங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களே பெருஞ்சோதனைக் காலமாகும். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரித்தெடுக்க முயன்றால் முகமே பெயர்ந்துவிடக்கூடும். ஆகவே கண்ணாடியோடு சேர்த்தே அதை ஸ்கேன் செய்வது நலம்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் துணையோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடி எண்ம வடிவில் பதிவு செய்தனர். அத்தகைய படங்கள் எங்கே, யாரால் எடுக்கப்பட்டன என்பதை அறிய அட்டையில் உள்ள ஸ்டுடியோ முத்திரை பெருந்துணை புரிவதால், ஓரங்களை வெட்டி அழகுபடுத்துவது வரலாற்றையே வெட்டியெறிவதாகும். படத்தில் இருப்போரின் பெயர், உறவுமுறை, ஊர் ஆகியவற்றை, பெரியவர்கள் அடையாளம் காட்டும்போதே, மையூறும் பேனாவைத் தவிர்த்து, மென்மையான பென்சிலால் பின்புறத்தின் ஓரத்தில் அழுத்தாமல் குறித்துவைத்தல் வேண்டும்.