மாரியப்பனைக் கண்டெடுத்தது பள்ளித் திடல்

ரியோவில் தங்கம், தோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர், உயரம் தாண்டும் வீரர் மாரியப்பன் தங்கவேலு. 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் 1.88 மீட்டர் தாண்டி உலக வாகையர் பட்டத்தையும் வென்றார்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிதான் அவர் ஊர். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது காலின் கீழ்ப்பகுதி நசுங்கியது. தாயார் சரோஜா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். மருத்துவச் செலவுக்கு வாங்கிய மூன்று லட்ச ரூபாய்க் கடன் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தை அழுத்தியது.

கைப்பந்தில் ஆர்வம் காட்டிய அந்தப் பையனை உயரம் தாண்டத் தூண்டியவர், பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ராஜேந்திரன். பதினான்கு வயதில், ஊனமில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார். அதன் பிறகே பெங்களூரில் பயிற்சியாளர் சத்தியநாராயணா, துனிசியப் போட்டி, 2016 ரியோவில் 1.89 மீட்டர் எல்லாம் வந்தன.

மாரியப்பன் மட்டுமல்ல. 2024 பாரிசில் சக்கர நாற்காலி ரக்பியில் ஜப்பானுக்குத் தங்கம் வென்று தந்த அணியில் இருந்த இக்கேசாக்கி டைசுக்கே, தசை நலியும் நோயோடு வளர்ந்தவர். அவரும் பள்ளி நாளில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடத் தொடங்கியவர்தான்.

என் கவலையெல்லாம் மலேசியாவில் நம் தோட்டப்புறப் பிள்ளைகளைப் பற்றியது. பாகான் நக்கோடா ஓமார், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் வட்டாரத்தில் ஊன்றுகோலோடு நடக்கும் பிள்ளைக்கு முதல் வாய்ப்பை யார் தருவது? தலைநகரின் பயிற்சிக் கூடங்கள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். வீட்டில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள், அதுவும் அப்பா வேலைக்குப் போக. விளையாட்டுப் போட்டி நாளில் அந்தப் பிள்ளையைக் கூடாரத்தில் உட்கார வைத்துக் கைதட்டச் சொல்லியே பழகிவிட்டோம்.

அடிபட்டுவிடுமே என்று அஞ்சும் பெற்றோரின் மனம் புரிகிறது. ஆனால் அந்த அச்சத்தில் பிள்ளையின் திறமை வெளியே தெரியாமலே போய்விடுகிறது.

மலேசியாவில் பாராலிம்பிக் தங்கத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கும் ஒரே ஊக்கத்தொகை, 10 லட்சம் ரிங்கிட். உச்சியில் சமத்துவம் வந்துவிட்டது. அடிவாரத்தில் இன்னும் வரவில்லை. திடலில் இறங்காத பிள்ளைக்கு அந்தப் பரிசால் எந்தப் பயனும் இல்லை.

ஆசிரியர்களே, அடுத்த விளையாட்டுப் போட்டியின் பெயர்ப்பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள். பெற்றோரே, மாற்றுத்திறனாளி அட்டைக்குச் சமூக நலத்துறையில் இப்போதே பதிவு செய்யுங்கள். பதக்கம் வருவது பிறகு. முதலில் பிள்ளை திடலுக்கு வரட்டும்.