உங்களுக்குத் தெரியுமா? ஓர் அணு கனத்தில் மின்கிடங்கு

● பேட்டரி மின்சாரத்தைச் சேமிப்பது வேதிவினையால். சாதாரண சூப்பர் கெபாசிட்டரில் அது நடப்பதில்லை. கரைசலில் இருக்கும் அயனிகள் மின்முனையின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் சார்ஜ் சில விநாடிகளில் ஏறும், அதே வேகத்தில் இறங்கும். 2006-இல் ஷாங்காயில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் சார்ஜ் ஏற்றியபடி பஸ்கள் ஓடத் தொடங்கியது இந்த வேகத்தை நம்பித்தான்.

● ஒட்டுவதற்கு இடம் வேண்டுமே? இப்போது அதைத் தருவது ஆக்டிவேட்டட் கார்பன். அதில் நல்ல ரகம் தேங்காய்த் தொட்டிக் கரியிலிருந்து தயாராகிறது!

● ஒரே ஓர் அணு கனமுள்ள கரித் தகடு கிராபீன். அதில் 1 கிராமின் இருபுறப் பரப்பு, கணக்குப்படி 2,630 சதுர மீட்டர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 12 கிரவுண்டு. ஆனால் காயும்போது தகடுகள் அப்பளமாக ஒட்டிக்கொள்கின்றன. அயனி நுழைய வழியில்லாமல் பாதிப் பரப்புக்கு மேல் வீணாவதும் உண்டு.

● அங்கேதான் மேக்சீன் வருகிறது. 2011-இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் டைட்டானியம் அலுமினியம் கார்பைடு தூளை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் போட்டார்கள். நடுவிலிருந்த அலுமினிய அடுக்கு மட்டும் கரைந்துபோனது. மிஞ்சியவை டைட்டானியமும் கார்பனும் சேர்ந்த மெல்லிய தகடுகள்; இவைதான் மேக்சீன். உலோகம்போல மின்சாரத்தைக் கடத்துகின்றன, தண்ணீரையும் இழுத்துக்கொள்கின்றன. சோடியம், பொட்டாசியம், ஏன், அலுமினிய அயனிகள்கூட இவற்றின் இடுக்குகளில் புகுந்துவிடுவதை 2013-இல் கண்டார்கள். கந்தக அமிலத்தில் வைத்தால் இன்னும் விசேஷம்: புரோட்டான்கள் மேற்பரப்பு ஆக்சிஜனில் சேர, டைட்டானியத்தின் ஆக்சிஜனேற்ற நிலையே மாறுகிறது. வேதிவினைதான், ஆனால் கெபாசிட்டர் வேகத்தில்! 2014-இல் அதே பல்கலைக்கழகக் குழு மேக்சீனைக் களிமண்போல உருட்டித் தேய்த்துச் செய்த படலம், கன சென்டிமீட்டருக்கு 900 ஃபாரட் வரை மின்தேக்குதிறன் காட்டியது. வழக்கமான கரி மின்முனைக்கு இது நூறைச் சுற்றித்தான்.

● மேக்சீனுக்கு எமன், ஈரமும் காற்றும். இரண்டும் சேர்ந்தால் நாளடைவில் டைட்டானியம் டை ஆக்சைடாகிவிடும். வெள்ளை பெயின்ட்டில் கலக்கிறார்களே, அதே பொருள்.

● கடைகளில் கிடைக்கும் சூப்பர் கெபாசிட்டர் கிலோவுக்கு 5 முதல் 10 வாட்-மணி ஆற்றலைத்தான் தாங்கும். லித்தியம் பேட்டரி சர்வசாதாரணமாக 150-ஐத் தாண்டும். எனவே ‘கிராபீன் சூப்பர் கெபாசிட்டர் பவர் பேங்க்’ என்று யாராவது விற்க வந்தால், முதலில் எத்தனை வாட்-மணி என்று கேளுங்கள்.