பகை நாடுகள் நட்பு நாடுகளான வரலாறு

இரண்டாம் உலகப்போர் பாடத்தில் ஆண்டுகளையும் உடன்படிக்கைகளையும் மாணவர்கள் எளிதில் நினைவில் கொள்கிறார்கள். நேற்றுவரை போரிட்ட நாடுகள் எவ்வாறு நட்பு நாடுகளாயின என்பதுதான் அவர்களுக்கு வியப்பளிக்கிறது. இதை விளக்க நான் பிரான்சையும் ஜெர்மனியையும் எடுத்துக்கொள்கிறேன்.

1870 முதல் 1945 வரை இவ்விரு நாடுகளும் மூன்று பெரும் போர்களில் மோதின. எல்லையிலுள்ள அல்சேஸ் பகுதி நான்கு முறை கைமாறியது. அங்கே 1870இல் பிறந்து 75 ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர், ஊரைவிட்டு நகராமலேயே நான்கு முறை நாடு மாறியிருப்பார் என்று சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

போருக்குப் பின் சோவியத் ஒன்றியம் குறித்த அச்சம் பிரான்சையும் மேற்கு ஜெர்மனியையும் நெருங்க வைத்தது. அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவி இரண்டையும் தாங்கிப் பிடித்தது. ஆயினும் திருப்புமுனை 1950 மே 9 அன்று வந்தது. இரு நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஒரு பொது அமைப்பின்கீழ் கொண்டுவரலாம் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் அறிவித்தார். பீரங்கி செய்ய எஃகு வேண்டும். எஃகு செய்ய நிலக்கரி வேண்டும். இரண்டும் பொதுவாகிவிட்டால், ஒருவர் அறியாமல் மற்றவர் போருக்கு ஆயத்தமாக முடியாது. 1951இல் இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவையும் சேர்ந்து ஆறு நாடுகள் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதை இதுவே.

1963 ஜனவரி 22 அன்று டி கோலும் அடினாவரும் எலிசே ஒப்பந்தம் செய்துகொண்டனர். இரு நாட்டு இளைஞர்களும் பழகுவதற்கென அதே ஆண்டில் ஓர் அமைப்பும் உருவானது.

ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 1951இலேயே இரு நாட்டு வரலாற்றறிஞர்கள் கூடி, பாடநூல்களில் சர்ச்சைக்குரிய பகுதிகளை எவ்வாறு எழுதலாம் என்று பேசினர். 2006இல் இரு நாட்டு மாணவர்களுக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூல் இரு மொழிகளிலும் வெளிவந்தது.

இதையொட்டி ஒரு செயல்பாடு. வகுப்பை இரு குழுக்களாகப் பிரியுங்கள். 1919ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையை ஒரு குழு பிரெஞ்சு நோக்கிலும் மற்றது ஜெர்மன் நோக்கிலும் ஐந்து வரிகளில் எழுதட்டும். பிறகு இருவரும் ஏற்கும் ஒரே பத்தியைச் சேர்ந்து எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு குழு ‘இழப்பீடு’ என்று எழுதும் இடத்தில் மற்றது ‘தண்டனை’ என்று எழுதும். அந்தச் சொல்லைத் தீர்மானிக்கவே பாதி பாடவேளை ஆகிவிடும். அந்த நேரம் வீணல்ல. சமாதானம் எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பதை மாணவர்கள் அப்போதுதான் உணர்கிறார்கள்.