நீலகிரியின் ஐந்து மலைப்பாதைகள்

நீலகிரிக்கு ஏறும் சாலைகளில் ஒன்றுகூட ஊர் சுற்றிப் பார்க்கப் போடப்பட்டதல்ல. வெயிலுக்குத் தப்பிக்க ஒன்று, பட்டாளத்துக்கு ஒன்று, மைசூர் வியாபாரத்துக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர். இந்த ஏற்றத்தைக் கடக்கும் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், கல்லட்டி, மஞ்சூர் பாதைகள் பைக் ஓட்டுகிறவர்களிடையே கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கையால்தான் பேர் வாங்கியிருக்கின்றன. ஆனால் அந்த வளைவுகளுக்கு மேலே நிற்கும் பழைய கட்டடங்களையும் பார்த்துக்கொண்டு போனால்தான் பாதை அங்கே ஏன் வந்தது என்பது விளங்கும்.

காலத்தால் மூத்தது கோத்தகிரிப் பக்கம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் நடந்து பழகிய ஒற்றையடித் தடங்கள் அப்போதே உண்டு. குதிரையும் பல்லக்கும் போகும் அளவுக்குப் பாதை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த முதல் பாதை சிறுமுகையிலிருந்து ஏறியது. இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் போகும் 33 கிலோமீட்டர் சாலை பிற்காலத்தது என்றாலும் மலையின் அதே கிழக்குச் சரிவில்தான் ஏறுகிறது. கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பங்களா புதுப்பிக்கப்பட்டு, நீலகிரி வரலாற்றுப் படங்களும் ஆவணங்களும் வைத்த நினைவகமாக இருக்கிறது. அங்கிருந்து கோடநாடு காட்சிமுனை வரை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் சாலை, பைக் ஓட்டப் பழகுகிறவருக்கும் பயம் தராத சாலை. முனையில் நின்றால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரகடாவும் தெரியும்.

1830களில் குன்னூர் வழியாகப் பாதை திறந்ததும் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கோத்தகிரி இன்றும் கொஞ்சம் ஓய்வான ஊராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குன்னூர்ப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லாறு, பர்லியாறு தாண்டும்போது பாக்குத் தோப்பும் பழக்கடையும் முடிந்து காடு தொடங்குகிறது. பாதையோடு சேர்ந்து வருவது மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும் உதகை வரை 1908இலும் திறக்கப்பட்ட இந்த இருப்புப்பாதை 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாறுக்கு மேலே ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டடிக்கு ஓரடி. சாதாரணத் தண்டவாளத்தில் அவ்வளவு செங்குத்தாக ரயில் ஏறாது. நடுவில் பதித்த பல்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறுகிறது. சாலையிலிருந்து சில இடங்களில் ரயில் பாலங்கள் தெரியும். பார்க்க வேண்டுமானால் அகலமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பார்ப்பதே நல்லது.

குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் இருக்கிறது. 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா பக்கத்திலேயே. திப்பு சுல்தான் காலத்தில் காவல் அரணாக இருந்த பக்காசூரன் கோட்டைக்குத் தேயிலைத் தோட்டம் வரைதான் பைக் போகும். மிச்சத்தை நடந்தே ஏற வேண்டும். கோட்டை என்ற பெயரை நம்பிப் பெரிய மதிலைத் தேடுகிறவர் ஏமாறுவார். இடிந்த சுவர்தான் மிச்சம்; காட்சிதான் கோட்டை.

உதகையில் கூட்டம் ஏரிக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் போகிறது. வரலாறு தேடிப் போகிறவர் இரண்டு இடங்களைத் தவறவிடக் கூடாது. ஒன்று, அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ள கல் பங்களா. 1820களின் தொடக்கத்தில் சல்லிவன் கட்டியது, உதகையின் முதல் ஐரோப்பியக் கட்டடம். இன்னொன்று, 1831இல் வழிபாட்டுக்குத் திறந்த புனித ஸ்டீபன் தேவாலயம். அதன் கூரையைத் தாங்கும் கனத்த மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையைப் பிரித்து எடுத்துவந்தவை. சீரான சாலை இல்லாத காலத்தில் மைசூர்ப் பீடபூமியிலிருந்து அவ்வளவு மரத்தை மேலே ஏற்றியிருக்கிறார்கள். தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள்.

உதகையிலிருந்து மேற்கே கூடலூருக்கு இறங்கும் சுமார் 50 கிலோமீட்டர்தான் ஐந்திலும் நிதானமாக ஓட்டி ரசிக்கத்தக்கது. பைக்காரா வரை புல்வெளி மேடுகளும் சோலைக்காடும். பைக்காரா மின்நிலையம் 1932இலேயே இயங்கத் தொடங்கியது. அடுத்து நடுவட்டம். மலேரியாவுக்கு மருந்தான கொயினா தரும் சின்கோனா மரம் தென் அமெரிக்காவிலிருந்து 1860 வாக்கில் நீலகிரிக்கு வந்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிடப்பட்டது. தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். ஓபியப் போரில் பிடிபட்டவர்கள் என்று ஊரில் சொல்வார்கள். பழைய பதிவுகளின்படி, மலாய்க் கரையோரத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களில் தண்டனை பெற்று, அங்கே சிறையில் இடமில்லாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். விடுதலையானபின் சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து இங்கேயே காய்கறியும் காப்பியும் பயிரிட்டார்கள். அந்தக் குடும்பங்களைப் பற்றி மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். அவர்கள் அடைபட்டிருந்த சிறைக்கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது. நடுவட்டத்துக்குக் கீழே தவளைமலைக் காட்சிமுனை, அதற்கும் கீழே ஊசிமலை, பிறகு கூடலூர்.

கல்லட்டிப் பாதை இதற்கு நேர் எதிர். மசினகுடிக்குக் குறுக்குவழியான இதில் 36 கொண்டை ஊசி வளைவுகள் நெருக்கமாக வருகின்றன. ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போய்விடும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். வண்டியின் வேகத்தை எஞ்சினே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 2018இல் இங்கே பள்ளத்தில் விழுந்த ஒரு கார் உடனே யார் கண்ணிலும் படவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் இந்த வழியாக இறங்கத் தடை வந்தது. அடிவாரத்திலிருந்து முதுமலைப் புலிகள் காப்பகம். தெப்பக்காட்டு யானை முகாம் அங்கேதான். காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. எல்லை தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும்.

ஐந்தாவது, மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் பாதை. இது வெள்ளைக்காரன் போட்டதல்ல. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தோடு வளர்ந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் குந்தா மின்நிலையத்தை ‘கனடா’ என்றே சொல்வதுண்டு. 43 வளைவுகளுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். ஆளரவம் குறைவு, கடை குறைவு, யானை உண்டு. பெட்ரோலை மேலேயே நிரப்பிக்கொண்டு காலையில் புறப்பட்டுவிட வேண்டும். வழியில் உள்ள முள்ளி சோதனைச் சாவடியில் கட்டுப்பாடுகள் மாறிக்கொண்டே இருப்பதால் அனுமதி உண்டா என்று முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

மழை எல்லாப் பாதைக்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை நடுவட்டம், கூடலூர்ப் பக்கத்தைத்தான் அதிகம் நனைக்கும். அப்போது கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் ஓட்டலாம். அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். 2009 நவம்பரில் மண்சரிவில் பல உயிர்கள் போனது இந்தக் கிழக்குச் சரிவில்தான். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருந்தாலும் விடியற்காலையில் உறைபனி விழும். பள்ளமான இடங்களில் வெயில் ஏறும்வரை ரோடு வழுக்கும். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி ஏற்பாடு அமலாவதுண்டு. 2024 மே மாதம் முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை. ஆன்லைனில் பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.